சர்வீஸ் பில்லில் பெயருக்கு எவ்வளவு, பொருளுக்கு எவ்வளவு?

ஸ்போர்ட்ஸ் கார் பழசானால் அதன் விலை இறங்கும். பராமரிக்கும் செலவு இறங்காது. இதை யோசிக்காமல் வாங்கியவர்கள்தான் முதல் சர்வீஸ் பில்லைக் கையில் வாங்கியதும் திகைத்துப்போகிறார்கள். ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 1996இல் கொண்டுவந்த பாக்ஸ்டரும், அதற்கு அடுத்த ஆண்டு அறிமுகமான 996 வகை 911 காரும் இதற்குப் பொருத்தமான உதாரணங்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அந்தக் காலத்து பாக்ஸ்டரைப் பழைய குடும்பக் காரின் விலைக்கே வாங்கிவிட முடிகிறது. ஆனால் அதன் ஆறு சிலிண்டர் இன்ஜினுக்கு எட்டு லிட்டருக்கும் மேல் ஆயில் பிடிக்கும். பிரேக்கும் கிளட்சும் அந்தக் கார் புதிதாக விற்றபோது எந்த விலையில் இருந்ததோ அந்தத் தரத்துக்குச் செய்யப்பட்டவை. இப்படிப்பட்ட காரை வைத்திருப்பவர்களில் ஒரு சாரார் கம்பெனி டீலர் சொல்வதே வேதம் என்று கேட்ட தொகையைக் கொடுத்துவிடுகிறார்கள். இன்னொரு சாரார் ‘எல்லாம் கார்தானே’ என்று கிடைத்த ஆயிலை ஊற்றி, கிடைத்த பேடை மாட்டி ஓட்டுகிறார்கள். இரு சாராரும் செய்யும் தவறு ஒன்றுதான்: பெட்டியின் மேலுள்ள பெயரைப் பார்க்கிறார்கள், உள்ளே இருக்கும் பொருளைப் பார்ப்பதில்லை. நியாயமான சர்வீஸ் விலையை அறிய மூன்று விஷயங்கள் தெரிந்தால் போதும் என்பது என் வாதம். ஊற்றும் திரவம் எந்தத் தரக்குறியீட்டுக்கு உட்பட்டது, மாட்டும் பாகத்தை உண்மையில் தயாரித்தது யார், அந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் பிடிக்கும்.

பாகங்களிலிருந்து தொடங்கலாம். எந்தக் கார் கம்பெனியும் தன் காரில் உள்ள எல்லாப் பாகங்களையும் தானே செய்வதில்லை. ஃபில்டரை மாலே, மான் போன்ற நிறுவனங்களும், ஸ்பார்க் பிளக்கை பாஷ், பெரு போன்றவையும், கிளட்சை சாக்ஸும், பிரேக் காலிப்பரை இத்தாலியின் பிரெம்போவும், பிரேக் பேடை பாகிட், டெக்ஸ்டார் போன்றவையும் செய்து தருகின்றன. கார் கம்பெனியின் பெட்டியில் வந்தால் அதற்கு ‘ஜெனுயின்’ என்று பெயர். அதே தயாரிப்பாளர் அதையே தன் சொந்தப் பெட்டியில் விற்றால், விவரம் தெரிந்த மெக்கானிக்குகள் அதை ‘ஓஇ’ என்பார்கள். வேறு நிறுவனங்கள் அதே அளவுக்குச் செய்து விற்பது ‘ஆஃப்டர்மார்க்கெட்’. இந்த மூன்றுக்கும் அப்பால் இருப்பது டூப்ளிகேட். நம் ஊர்க் கடைகளில் முதலாவது தவிர மற்ற எல்லாவற்றையும் ‘டூப்ளிகேட்’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிடும் பழக்கம் இருக்கிறது. அந்த ஒரு சொல்லே வாடிக்கையாளருக்குப் பெரிய நஷ்டத்தைத் தருகிறது. ஏனென்றால் ஜெனுயினுக்கும் ஓஇக்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் அட்டைப்பெட்டியோடு முடிந்துவிடுகிறது.

996, பாக்ஸ்டர் கார்களின் சாவித் துவாரத்துக்குப் பின்னால் இருக்கும் சுவிட்சை எடுத்துக்கொள்வோம். அது தேய்ந்துபோனால் சாவியைத் திருப்பிய பிறகு ஏ.சி.யோ வைப்பரோ வேலை செய்யாமல் போகும். போர்ஷேயின் பாகப் பட்டியலில் பூட்டு முழுவதையும் சேர்த்தே மாற்றச் சொல்லும் நிலை பல ஆண்டுகள் இருந்தது. ஆனால் பழுதாவது பூட்டல்ல. அதன் பின்னால் திருகியிருக்கும் சிறிய மின் சுவிட்ச் மட்டும்தான். அந்தச் சுவிட்சை ஆடி கார்களிலும் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆடியின் பாக எண்ணைச் சொல்லிக் கேட்டவர்களுக்கு, முழுப் பூட்டுக்குக் கொடுத்திருக்க வேண்டிய தொகையின் சிறு பங்கிலேயே வேலை முடிந்தது. லோட்டஸ் எலீஸ் காரின் ஒரு வகையில் இருப்பது டொயோட்டா செலிக்காவுக்குச் செய்யப்பட்ட 1.8 லிட்டர் இன்ஜின். அதற்கான ஆயில் ஃபில்டரை டொயோட்டா கடையிலேயே வாங்கலாம். லம்போர்கினி டயாப்லோவின் பிந்தைய வகைகளில் பொருத்தியது நிசான் 300இசட்எக்ஸ் காரின் ஹெட்லைட். இவை அரிய விதிவிலக்குகள் அல்ல. குறைந்த எண்ணிக்கையில் கார் செய்யும் ஒரு நிறுவனம் ஒவ்வொரு சுவிட்சுக்கும் விளக்குக்கும் தனி அச்சு வார்த்தால் கட்டுபடியாகாது. அதனால் பெரிய கம்பெனிகளின் பாகங்களை எடுத்துப் பயன்படுத்துவது இந்தத் தொழிலின் இயல்பான வழி. அந்த வழியைத் தெரிந்துகொள்ளும் உரிமை காரின் உரிமையாளருக்கும் உண்டு.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ‘ஒரே தொழிற்சாலையில் செய்தாலும், கார் கம்பெனி தனக்கென்று கடுமையான தரச் சோதனை வைத்து நல்லவற்றைப் பொறுக்கி எடுத்துக்கொள்ளாதா?’ என்று கேட்கலாம். சில பாகங்களில் இது உண்மைதான். அந்த இடங்களில் டீலரிடம் போவதே புத்திசாலித்தனம். கம்பெனி ஒரு பாகத்தின் வடிவமைப்பைத் திருத்தி வெளியிடும்போது, திருத்தப்பட்டது முதலில் டீலரிடம்தான் வரும். வெளிக்கடையில் பழைய வடிவம் இன்னும் விற்பனையில் இருக்கக்கூடும். ரப்பர் குழாய்கள், ஆயில் சீல்கள், ஒருமுறை முறுக்கினால் மறுமுறை பயன்படுத்தக்கூடாத போல்ட்டுகள் போன்றவற்றில் விலை வித்தியாசம் சொற்பம், தவறினால் வரும் சேதமோ பெரிது. அங்கே சிக்கனம் பார்ப்பதில் அர்த்தமில்லை. அதேபோல் ‘கம்பெனி போட்டதைவிட வலுவானது’ என்ற விளம்பரத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 996 இன்ஜினின் வாட்டர் பம்புக்குள் சுழலும் விசிறியைக் கம்பெனி பிளாஸ்டிக் கலவையில் செய்திருந்தது. அது உடைந்தால் துண்டுகள் குளிர்நீர்ப் பாதையில் சிக்கும் என்பதற்காகப் பலர் உலோக விசிறி உள்ள பம்பை வாங்கினார்கள். ஆனால் பம்பின் பேரிங் தேய்ந்து விசிறி ஆடத் தொடங்கினால், உலோக விசிறி இன்ஜின் உடலையே உராய்ந்து அரித்துவிடும். பிளாஸ்டிக் உடைந்தால் பம்போடும் அடைத்த துண்டுகளைத் துழாவி எடுப்பதோடும் போகும். உலோகம் உராய்ந்தால் இன்ஜினுக்கே கேடு. ஆகவே இங்கே நல்ல முடிவு, கம்பெனி தரத்துப் பம்பைக் காலம் தவறாமல் மாற்றிவிடுவதுதான்.

திரவங்களில் பெயரைவிடக் குறியீடு முக்கியம் என்பது இன்னும் தெளிவாகத் தெரியும். 996, பாக்ஸ்டர் இன்ஜின்களுக்கு போர்ஷே ‘ஏ40’ என்ற அங்கீகாரத்தை வைத்திருக்கிறது. 0டபிள்யூ-40, 5டபிள்யூ-40 போன்ற தடிமன் வகைகளில் பல நிறுவனங்களின் ஆயில்கள் அதில் தேறியிருக்கின்றன. போர்ஷே தொழிற்சாலையில் ஊற்றுவது மொபில் 1 என்பதால் அதுதான் தேவை என்று பலர் நினைக்கிறார்கள். ஏ40 அங்கீகாரம் பெற்ற எந்த ஆயிலும் போதும். டப்பாவைத் திருப்பிப் படிக்கும்போது ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். ‘அங்கீகாரம் பெற்றது’ என்று எழுதியிருந்தால் கார் கம்பெனி சோதித்து ஒப்புக்கொண்டிருக்கிறது என்று பொருள். ‘இந்தத் தேவைகளுக்கு ஏற்றது’ என்று மட்டும் இருந்தால் அது ஆயில் விற்பவரின் சொந்த வாக்குமூலம். இரண்டும் ஒன்றல்ல.

இந்தக் குறியீட்டுக்குப் பின்னால் இருப்பது வெறும் சம்பிரதாயமல்ல. இன்ஜின் வேகமாகச் சுழலும்போது பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவே ஆயில் ஒரு மெல்லிய படலமாக நின்று, உலோகத்தோடு உலோகம் படாமல் காக்கிறது. 150 டிகிரி சூட்டில், மிக வேகமாக இழுபடும் நிலையில் அந்தப் படலம் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பதை ஆய்வகத்தில் அளக்கிறார்கள். எரிபொருள் சிக்கனத்துக்கான ‘30’ தடிமன் வகை ஆயிலுக்கு இந்த அளவு குறைந்தபட்சம் 2.9 இருந்தால் போதும். 0டபிள்யூ-40, 5டபிள்யூ-40 வகைகளுக்கு 3.5 இருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் நிதானமாகப் போகும் குடும்பக் காருக்கு முதலாவது சரியான ஆயில், தரக்குறைவானதல்ல. அதையே நிமிடத்துக்கு ஏழாயிரம் சுற்று வரை போகும் போர்ஷே இன்ஜினில் ஊற்றினால் பேரிங்குகளின் ஆயுள் குறையும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பிஎம்டபிள்யூ எம்3 காரின் ஓர் இன்ஜினுக்கு 10டபிள்யூ-60 என்ற தடித்த ஆயிலை அந்த நிறுவனம் விதித்தது. அதைப் பார்த்துவிட்டு ‘தடித்தது நல்லது’ என்று எல்லா ஸ்போர்ட்ஸ் காருக்கும் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது தடித்த ஆயில் மேலே ஏறிச் சேரத் தாமதமாகும். தேய்மானம் அதிகம் நடப்பது அந்தச் சில விநாடிகளில்தான்.

பிரேக் ஆயிலில் குறியீட்டைவிடவும் தேதி முக்கியம். ஓட்டுநரோடு சேர்த்து 1,400 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 200 கிலோமீட்டரில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை நிறுத்தும்போது பிரேக்குகள் விழுங்கும் ஆற்றல், சாதாரண வெப்பநிலையில் இருக்கும் ஆறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் இதில் கால் பங்குதான். வேகம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு என்ற இந்தக் கணக்குதான் ஸ்போர்ட்ஸ் காரின் பிரேக்கை மற்ற கார்களின் பிரேக்கிலிருந்து பிரித்துவைக்கிறது. அந்தச் சூடு பேடு வழியாக, காலிப்பர் வழியாகத் திரவத்தை எட்டுகிறது. புதிய டாட் 4 பிரேக் ஆயில் குறைந்தபட்சம் 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஆனால் இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் கலந்துவிட்டால் அதே டாட் 4க்கு விதி கேட்கும் கொதிநிலை 155 டிகிரிதான். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவம் அழுத்தினால் சுருங்காது, ஆவி சுருங்கும். மிதிக்கிற பெடல் தரை வரை போகும், கார் நிற்காது. அதனால்தான் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்கிறது போர்ஷே, கார் ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமல் நின்றிருந்தாலும். சென்னை, தூத்துக்குடி போன்ற ஈரக்காற்று வீசும் கடற்கரை ஊர்களில் இந்தக் கெடுவைத் தள்ளிப்போடவே கூடாது. பந்தயத்துக்கான விலையுயர்ந்த பிரேக் ஆயில்கள் 300 டிகிரியைத் தாண்டியும் தாங்கும். பந்தயத்தளத்துக்குப் போகிறவருக்கு அது தேவை. சாலையில் மட்டும் ஓட்டுகிறவர் அதை வாங்கி நான்கு ஆண்டுகள் மாற்றாமல் விடுவதைவிட, சாதாரண டாட் 4 வாங்கி இரண்டு முறை மாற்றுவது பாதுகாப்பானது.

நிறத்தைப் பார்த்து ஏமாறாமல் இருக்க ஒரு தகவல். ஜெர்மனியின் ஏடிஇ நிறுவனம் ஒரே பிரேக் ஆயிலை நீலம், பொன்மஞ்சள் என இரண்டு நிறங்களில் விற்றது. பழைய ஆயில் முழுக்க வெளியேறிவிட்டதா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளவே இந்த ஏற்பாடு. பிரேக் ஆயில் நிறமற்றதாகவோ பொன்மஞ்சளாகவோ இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி என்பதால் அங்கே நீலம் நின்றுபோனது, திரவம் மாறவில்லை. கூலன்டிலும் அப்படித்தான். பச்சை, இளஞ்சிவப்பு, ஊதா எல்லாம் சாயம். எந்த நிறம் எந்த ரசாயனம் என்று உலகப் பொது விதி எதுவும் கிடையாது. குறியீட்டைப் பார்க்காமல் நிறம் பொருந்துகிறது என்று ஊற்றக் கூடாது. பிரேக் ஆயிலில் எண் பெரியது என்பதற்காக டாட் 5 வாங்கிவிடவும் கூடாது. அது சிலிக்கோன் வகை, மற்றவற்றோடு சேராது. டாட் 5.1 என்பது வேறு. கியர் ஆயிலில் 911, பாக்ஸ்டர் கார்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கியர்பாக்ஸும் பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிஃபரென்ஷியலும் ஒரே கூட்டில் ஒரே ஆயிலில் மூழ்கியிருக்கின்றன. பல் சக்கரங்களுக்கு வழுக்கல் வேண்டும். கியரைச் சேர்த்துவைக்கும் வளையங்களுக்குப் பிடிப்பு வேண்டும். இரண்டையும் ஒருசேரத் தரும் ஆயிலைத்தான் கம்பெனி குறித்திருக்கிறது. இதில் சொந்தப் பரிசோதனை வேண்டாம்.

இனி, பில்லில் பெரும்பாலும் மிகப்பெரிய தொகையாக நிற்கும் லேபர் சார்ஜ். பாகத்தின் விலையைக் கடையில் விசாரித்துவிடலாம். உழைப்பின் விலையை எப்படி விசாரிப்பது என்று தெரியாமல்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி என்று கார் கம்பெனிகள் நேரக் கணக்கு வைத்திருக்கின்றன. ஒர்க்‌ஷாப்பின் மணிக்கட்டணத்தை அதனால் பெருக்கினால் வருவதே நியாயமான கூலி. ஆனால் ஒரு வேலைக்காகத் திறந்த இடத்தில் இன்னொரு வேலையும் முடியும்போது அந்த மணிகளை இரண்டு தடவை வசூலிக்கக் கூடாது. 996, பாக்ஸ்டர் இன்ஜின்களில் வால்வுகளை இயக்கும் சங்கிலிகளுக்கான இடைத்தண்டு ஒன்று உண்டு. அதன் ஒரு முனையைத் தாங்கும் பேரிங் சில கார்களில் திடீரென்று நொறுங்கி இன்ஜினையே பாழாக்கியது. அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கு 2013இல் உடன்பாட்டில் முடிந்தது. 2005 வரையிலான பெரும்பாலான இன்ஜின்களில் கியர்பாக்ஸையும் கிளட்சையும் இறக்கினால் அந்தப் பேரிங்கை எட்டிவிடலாம். கிளட்ச் மாற்றவும் அதே வேலைதான். கிராங்க் தண்டின் பின் ஆயில் சீல் மாற்றவும் அதே வேலைதான். மூன்றையும் தனித்தனி ஆண்டில் செய்கிறவர் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலியை மூன்று முறை கொடுக்கிறார். ஒன்றாகச் செய்தால் கூலி ஒரு முறை, கூடுவது பாகங்களின் விலையும் கொஞ்சம் நேரமும்தான். உள்ளே ஆழத்தில் இருக்கும் பாகத்தில் மலிவு தேடக் கூடாது என்பதற்கும் காரணம் இதுவே: அது தோற்றால் பாகத்தின் விலையல்ல, கூலி முழுவதும் மறுபடி செலவாகும். எளிதில் கழற்றி மாட்டும் ஏர் ஃபில்டரில் சிக்கனம் பாருங்கள். கிளட்ச் ரிலீஸ் பேரிங்கில் வேண்டாம்.

இத்தாலியின் ஃபெராரியில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். எஃப்355 காரில் டைமிங் பெல்ட்டை மாற்ற இன்ஜினையே கீழே இறக்க வேண்டும். அடுத்து வந்த 360இல் இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு மூடியைத் திறந்து அதே வேலையைச் செய்துவிடலாம். இரண்டிலும் பெல்ட் ரப்பர்தான். சர்வீஸ் செலவைப் பிரிப்பது மெக்கானிக்கின் மணிகள். பழைய கார் வாங்கும்போது குதிரைத்திறனை விசாரிப்பதற்கு முன், ‘பெல்ட்டை மாற்ற இன்ஜின் இறங்குமா?’ என்று கேட்க வேண்டும்.

‘வெளியே சர்வீஸ் செய்தால் வாரன்டி போய்விடும்’ என்ற அச்சம்தான் பலரை டீலரிடமே கட்டிப்போடுகிறது. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் சட்டம், தன் பெயர் பொறித்த பாகத்தையே வாங்க வேண்டும் என்று வாரன்டிக்கு நிபந்தனை விதிப்பதைப் பொதுவாகத் தடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு விதிமுறைகளும் சுதந்திரமான ஒர்க்‌ஷாப்புகளின் பக்கம் நிற்கின்றன. இந்தியாவில் 2014 ஆகஸ்டில் போட்டி ஆணையம், உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் செய்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆனாலும் பாகம் கிடைக்கும் வழியை அடைத்துவிட்டால் விலை யார் கையில் போகும் என்பதை அந்த உத்தரவு பொதுவெளியில் வைத்தது. தவறான ஆயில் ஊற்றி இன்ஜின் கெட்டால் வாரன்டி மறுக்கப்படுவது நியாயம்தான். அந்தச் சண்டையில் உங்களைக் காப்பாற்றுவது டீலரின் முத்திரை அல்ல, ஊற்றிய ஆயிலின் குறியீடு எழுதப்பட்ட பில்.

போலிகளைப் பற்றிய அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பெயர்பெற்ற ஓஇ நிறுவனங்களின் பெட்டியை அப்படியே அச்சடித்து உள்ளே எதையோ வைத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஃபில்டரிலும் ஸ்பார்க் பிளக்கிலும் ஆயிலிலும் அது நடக்கிறது. ஆனால் அதற்குத் தீர்வு எல்லாவற்றையும் டீலரிடம் வாங்குவதல்ல. அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் பில் போட்டு வாங்குவதும், சந்தை விலையில் பாதிக்குக் கிடைத்தால் சந்தேகப்படுவதும்தான். ‘வெளியே சர்வீஸ் செய்தால் மறுவிற்பனை மதிப்பு குறையும்’ என்ற மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது: நான்கைந்து வயதே ஆன காரை வாங்க வருபவர் டீலர் முத்திரைக்குக் கூடுதலாகக் கொடுப்பார். இருபது வயதான காரை வாங்க வருபவர் கேட்பது வேறு. இடைத்தண்டு பேரிங்கை மாற்றியாகிவிட்டதா, எந்த ஆண்டு, எந்தத் தயாரிப்பு என்று அவர் கேட்பார். அதற்கு முத்திரை பதில் சொல்லாது, விவரமான பில் சொல்லும்.

மிச்சப்படும் பணம் காருக்கே திரும்பிப் போக வேண்டும் என்பதையும் வலியுறுத்தத் தோன்றுகிறது. பெட்டியின் பெயருக்குப் போகாமல் காத்த தொகையில் ஆயிலை இன்னும் அடிக்கடி மாற்றலாம். கழற்றிய ஆயில் ஃபில்டரின் மடிப்புகளைப் பிரித்து, உலோகத் துகள் மின்னுகிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லி அதற்கும் கூலி கொடுக்கலாம். இடைத்தண்டு பேரிங் நொறுங்கத் தொடங்குவதை முன்கூட்டியே காட்டக்கூடிய எளிய சோதனை அது. அதற்கு ஆகும் நேரம் சில நிமிடங்கள்.

அடுத்த முறை காரை விடும்போது எஸ்டிமேட்டை எழுத்தில் கேளுங்கள். ஆயிலின் குறியீடும் லிட்டரும், ஒவ்வொரு பாகத்தின் தயாரிப்பாளர் பெயரும் எண்ணும், வேலை மணியும் மணிக்கட்டணமும் அதில் இருக்கட்டும். எழுதித் தர மறுக்கிற இடத்தில் காரை விடாதீர்கள். அதற்கு முன், பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது என்று சர்வீஸ் புத்தகத்தில் இன்றே தேடிப் பாருங்கள். தேதி கிடைக்கவில்லையென்றால் முதலில் அதை மாற்றுங்கள்.